நாலாவது பட்டை

என் சித்திக்கு எந்தச் சுவரும் ஒன்றாகத் தெரியாது, ஐந்தாகத்தான் தெரியும். அறைக்குள் நுழைந்ததும், கையில் இருக்கும் வாளியைக் கீழே வைப்பதற்கு முன்பே, கண்ணால் சுவரை ஐந்து பட்டையாகப் பிரித்துவிடுவாள். அப்புறம் நீலப்பொடி தடவிய நூலை மேலும் கீழுமாக இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவாள். நாலு சுண்டுக்கு நாலு கோடு, ஐந்து பட்டை. சந்தேகப்பட்டு டேப் வைத்து அளந்தவர்கள் உண்டு. அளந்த பிறகு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பேச்சை மாற்றியவர்கள்தான் எல்லாரும்.

பத்தொன்பது வருடமாகச் சுவருக்கு வண்ணம் அடிக்கிறாள். சித்தப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன வருடம், அவருடைய பிரஷ்ஷை இவள் எடுத்துக்கொண்டாள். "பொம்பள சாரம் ஏறலாமா?" என்று கேட்டவர்களிடம், "ஆம்பள ஏறி என்ன ஆச்சுன்னு கட்டில்ல படுத்திருக்கு, போய்க் கேளுங்க" என்பாள். சித்தப்பாவும் உள்ளேயிருந்து, "கேளுங்க, கேளுங்க, எனக்கும் பொழுது போகல" என்பார்.

அவளுக்குக் கைவந்தது பழைய வண்ணத்துக்கு ஒத்துப்போகும்படி புது வண்ணம் கலப்பது. இருபது வருடத்துக்கு முன்னால் அடித்த பச்சை இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. வெயிலும் புகையும் பட்டு அது வேறு பச்சையாகியிருக்கும். சித்தி வெள்ளை டிஸ்டெம்பரில் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அந்த வண்ணத்தைப் பிடித்துவிடுவாள். ஆனால் அப்படிப் பிடித்த வண்ணத்தை இரண்டாம் முறை அப்படியே பிடிக்க முடியாது. முதல் கலவையில் ஒரு கை மிச்சம் வைத்து, அதோடு அடுத்த கலவையை ஒருமுறை சேர்த்துக்கொள்ளலாம், கண்ணுக்குத் தெரியாது. இன்னொரு முறை சேர்த்தால் ஒட்டுப் போட்ட துணி மாதிரி சுவர் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அந்த ஒரு முறையிலேயே மீதி எவ்வளவு வேண்டுமென்று தெரிந்தாக வேண்டும்.

அதற்குத்தான் ஐந்து பட்டை. முதலில் மூன்று பட்டை அடிப்பாள். எவ்வளவு போனது என்று குவளையில் பார்ப்பாள். ஐந்தில் மூன்று பங்குக்கு இவ்வளவு என்றால் முழுச் சுவருக்கு எவ்வளவு? வேலையாட்கள் மத்தியில் அவளுக்கு 'அஞ்சுல மூணு' என்றுதான் பெயர். "அஞ்சுல மூணு அக்கா வந்துட்டாங்க, டீயையும் அஞ்சா பிரிங்கடா" என்று கேலி செய்வார்கள்.

நான் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. கணிதம்தான் எடுத்துப் படித்தேன். பின்னத்தால் வகுப்பது என்றால் தலைகீழாக்கிப் பெருக்கு என்று ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்து, பட்டம் வாங்கும் வரை அது ஏன் என்று கேட்காமலேயே வந்தவன். வகுத்தால் எண் சிறுக்கத்தானே வேண்டும், இங்கே மட்டும் எப்படிப் பெருக்கிறது என்ற குடைச்சல் உள்ளே இருந்துகொண்டேதான் இருந்தது. ஒருநாள் சித்தி குவளையைத் தூக்கிப் பிடித்து, "மூணு பட்டைக்கு இவ்ளோ, அப்ப ஒரு பட்டைக்கு இதுல மூணுல ஒண்ணு, அஞ்சு பட்டைக்கு அதுல அஞ்சு மடங்கு" என்று முணுமுணுத்தபோதுதான் உறைத்தது. கையில் இருப்பது பங்கின் அளவு, தேடுவது முழுசின் அளவு. முழுசு பெரிதாகத்தானே இருக்கும். அவள் மூன்றால் வகுத்து ஐந்தால் பெருக்குகிறாள். நான் படித்த தலைகீழும் அதேதான்.

பத்தொன்பது வருடத்தில் அந்தக் கணக்கு அவளை ஒரே ஒரு முறைதான் கைவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். சித்தி சொன்னது சொன்னபடி.

ஒரு செவ்வாய்க்கிழமை மேஸ்திரி அவளை ஒரு வீட்டுக்கு அனுப்பினார். ஒரே மாதிரி இரண்டு வீடு, முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியது. ஒரு பாதியில் அக்கா தனியாக இருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். மறு பாதியில் அவருடைய தம்பி, தம்பி மனைவி, மகள். அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் வண்ணம் அடிக்க வேண்டும், மற்ற மூன்று சுவரின் பச்சையோடு அது பொருந்த வேண்டும் என்றார்கள். அந்த ஒரு சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது. சமீபத்தில்தான் யாரோ சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

"ஒரு சுவர் மட்டும் ஏங்க வெள்ளையா இருக்கு?" என்று சித்தி கேட்டாள்.

"ஈரம் கசிஞ்சுதும்மா, சரி பண்ணினோம்" என்றார் தம்பி. மென்மையான குரல். பேசும்போது எதிரில் நிற்பவரின் தோளைத் தொடுவதற்குக் கை வரும், தொடாமல் நிற்கும். "அக்காவுக்கு மனசு சரியில்ல. ஆஸ்பத்திரியில நாப்பது நாள் இருந்துட்டு வந்தாங்க. பழைய கலர் வந்துட்டா கொஞ்சம் நிம்மதியா இருப்பாங்க."

ஆபரேட்டரம்மா அப்போது கூடத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். வலது கை விரல்கள் சுவரை விட்டு எடுபடவேயில்லை. பச்சைச் சுவர், பச்சைச் சுவர், வெள்ளைச் சுவர், பச்சைச் சுவர். வெள்ளைச் சுவரில் மட்டும் விரல் மெதுவாக நகர்ந்தது. சித்தியைப் பார்த்ததும் நின்று, யாரோ தூங்குகிற வீட்டில் பேசுவது போலச் சொன்னார்: "பாத்து அடிம்மா. உள்ள ஆள் இருக்காங்க."

தம்பி மனைவி அவருக்குப் பின்னால் நின்று, தன் நெற்றிப்பொட்டை விரலால் தொட்டுக் காட்டினாள். முகத்தில் கேலி இல்லை. அவளும் அன்பாகத்தான் இருந்தாள். "அண்ணி, வாங்க, காப்பி ஆறுது" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

அன்று பதினோரு மணிக்குச் சித்தி அதைக் கேட்டாள். சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தவளின் கைக்குள்ளேயே வந்து தட்டியது போல இருந்ததாம். டக டக டக டக டக, ஒரு சின்ன இடைவெளி, மறுபடியும் டக டக. தையல் மெஷின் சத்தம். சுவருக்குள்ளிருந்து. காதை ஒட்டி வைத்தாள். சுவர் சில்லென்று இருந்தது. வைத்ததும் சத்தம் நின்றுவிட்டது.

"கேட்டுச்சா?" ஆபரேட்டரம்மா பின்னால் வந்து நின்றிருந்தார். "அஞ்சு தட்டுக்கு அப்புறம் ஒண்ணு விடும். என் மெஷின். முப்பது வருஷம் காதை வெச்சுப் பொழச்சவ நான், எனக்குத் தெரியாதா?"

"எங்கம்மா இருக்கு உங்க மெஷின்?"

"என் ரூம்ல."

"ரூம் எங்க?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாசற்படியில் தம்பி வந்து நின்றதும் மூடிக்கொண்டார். "குழாய்ச் சத்தம்மா" என்றார் தம்பி, சித்தியைப் பார்த்து. "பழைய வீடு. அக்கா, எத்தனை ரூம் நம்ம வீட்ல? சொல்லுங்க பாப்போம்." குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டார். அக்கா தரையைப் பார்த்தபடி "மூணு" என்றார். "அவ்ளோதான்" என்று தம்பி சிரித்தார்.

தம்பி போன பிறகு அவரே சித்தியிடம் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர் வீட்டில் நாலு அறை. திரும்பி வந்தபோது மூன்று. கேட்டால், எப்போதும் மூன்றுதானே என்கிறார்கள். வீட்டுப் பத்திரம் தம்பியிடம் இருக்கிறது. உள்ளறை வரை வந்து பார்த்த வெளியாள் யாருமில்லை. வெள்ளிக்கிழமை மனநல டாக்டர் வருகிறார். "மூணுன்னு சொல்லிடு அக்கா, இங்கயே இருக்கலாம். நாலுன்னு சொன்னா அவங்க உன்னை ஹோமுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க, என்னால தடுக்க முடியாது" என்று தம்பி தினமும் சொல்லிக்கொடுக்கிறார்.

"பொய் சொல்றதுன்னா சொல்லிடுவேன்மா" என்றார். "இப்பல்லாம் அது பொய்தானான்னே தெரியல. அதான் பயமா இருக்கு."

சித்தி நம்பவில்லை. அதையும் மறைக்காமல்தான் என்னிடம் சொன்னாள். பாவம், தலை கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தாள்.

புதன்கிழமை காலை வண்ணம் கலந்தாள். பதினைந்தடி நீளம், பத்தடி உயரம். மூன்றடிக்கு ஒரு பட்டை. முதல் மூன்று பட்டைக்கு ஒன்றரை லிட்டர் போனது. பட்டைக்கு அரை லிட்டர், முழுச் சுவருக்கு இரண்டரை. ஆக மீதி இரண்டு பட்டைக்கு ஒரு லிட்டர். மிச்சம் வைத்த கையளவு வண்ணத்தோடு சரியாக ஒரு லிட்டர் கலந்து சேர்த்தாள். நாலாவது பட்டையை மேலிருந்து தொடங்கினாள்.

மேலே மூன்றடி ஒழுங்காகத்தான் போனது. அதற்குக் கீழே வந்ததும் சுவர் குடிக்க ஆரம்பித்தது. பிரஷ்ஷை வைத்தால் இழுத்தது. வைத்த ஈரம் வைத்த இடத்திலேயே காணாமல் போனது. ஒரு இழுப்பு போக வேண்டிய இடத்துக்கு இரண்டு, மூன்று. கை வலிக்க வலிக்க அடித்தாள். பட்டையின் இரண்டு ஓரத்திலும் மட்டும் ஒரு கையகலத்துக்கு அந்தத் தாகம் இல்லை. நடுவில்தான். தரை வரைக்கும். நாலாவது பட்டை முடிந்தபோது வாளியும் முடிந்திருந்தது. ஒரு லிட்டரையும் அந்த ஒரே பட்டை குடித்துவிட்டது. ஐந்தாவது பட்டை வெள்ளையாக நின்றது.

காய்ந்த பிறகு பார்த்தால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நாலு பட்டையும் ஒரே பச்சை. எங்கோ தப்பு நடந்திருக்கிறது, அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆபரேட்டரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு மட்டும் தெரிகிற ஒன்றைச் சுமந்துகொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அந்த நிமிடம் சித்திக்கு விளங்கியிருக்கிறது.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை.

"டேய், ஒன்றரைய அஞ்சுல மூணால வகுத்தா என்னடா?"

"ரெண்டரை."

"வாயால சொல்லாத. எழுதிப் பாத்து சொல்லு."

எழுதினேன். ஒன்றரை என்பது இரண்டில் மூன்று. ஐந்தில் மூன்றைத் தலைகீழாக்கினால் மூன்றில் ஐந்து. பெருக்கினால் இரண்டில் ஐந்து. "ரெண்டரைதான் சித்தி. ஏன்?"

"அப்ப நான் சரி. சுவருதான் தப்பு."

நடந்ததைச் சொன்னாள். கேட்டுவிட்டு, படித்தவன் என்ற தோரணையில் ஒரு விளக்கம் கொடுத்தேன். இந்த வகுத்தல், எல்லாப் பங்கும் ஒரே மாதிரி இருந்தால்தான் செல்லும். மூன்று பட்டையை வைத்து ஐந்து பட்டையைச் சொல்கிறோம் என்றால், மிச்சம் இரண்டும் இதே ஜாதி என்று நம்பித்தான் சொல்கிறோம். ஒன்று வேறு மாதிரி இருந்தால் கணக்கு பொய்த்துவிடும்.

"வேற மாதிரின்னா?"

"அது வேற சுவருன்னு அர்த்தம்."

"புது சிமெண்டுப் பூச்சுதான்டா அப்படிக் குடிக்கும்" என்றாள் மெதுவாக. "தரையிலேருந்து ஏழடி உயரம். ரெண்டரை அடி அகலம். அது என்ன அளவு, நீயே சொல்லு."

எனக்குத் தெரிந்தது.

"நீ போட்ட கணக்க ஒரு பேப்பர்ல நல்ல கையெழுத்துல எழுதி வை. காலையில வந்து வாங்கிக்கிறேன். அடியில உன் படிப்பையும் போடு. பெயிண்டடிக்கிறவ சொன்னா யாரு கேப்பா?"

வியாழக்கிழமை அந்தத் தாளை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். தம்பி வாசலிலேயே நின்றிருந்தார். மிச்சமிருக்கும் பட்டையை முடித்து, முழுச் சுவருக்கும் இரண்டாவது கோட் இன்றைக்கே அடித்துவிட வேண்டும் என்றார். இரண்டாவது கோட் விழுந்துவிட்டால் எல்லாப் பட்டையும் ஒரே மாதிரி ஆகிவிடும், அந்தத் தாகம் அடைந்துவிடும் என்று சித்திக்குத் தெரியும். "முதல் கோட் நல்லாக் காயணும் சார், இல்லேன்னா வெடிப்பு விடும். நாளைக்குக் காலையில அடிச்சுடறேன்" என்றாள். மேஸ்திரி போனில் கத்தினார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் இவளை வேலைக்குக் கூப்பிடவில்லை.

தம்பி உள்ளே போனதும் ஆபரேட்டரம்மாவின் காலடியில் உட்கார்ந்து, தாளை விரித்து, எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று பட்டை, ஒன்றரை லிட்டர், இரண்டரை, ஏழடி. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் சந்தோஷம் வரும் என்று சித்தி எதிர்பார்த்தாள். வரவில்லை.

"இதை யார்கிட்டயும் சொல்லாதம்மா" என்றார்.

"ஏம்மா? நீங்க சொன்னது உண்மைன்னு ஆகுதுல்ல?"

"நான் இப்பதான் மூணுக்குப் பழகிட்டு வரேன். நேத்து ராத்திரி அந்த ரூம் ஜன்னல் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு யோசிச்சேன். ஞாபகம் வரல. நல்லாத் தூக்கம் வந்துச்சு. இன்னும் நாலு நாள் விட்டீன்னா எல்லாம் போயிடும், நானும் நிம்மதியா இங்கயே இருந்துடுவேன்."

அப்போது சுவருக்குள் மெஷின் ஓட ஆரம்பித்தது. ஐந்து தட்டு, ஒரு இடைவெளி. இரண்டு பேரும் கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "குழாய்" என்றார்.

சித்தி எழுந்தாள். ஒரு வாளியில் வெறும் தண்ணீர் நிரப்பி, அகலமான பிரஷ் ஒன்றைக் கழுவி, இரண்டையும் சுவரோரம் வைத்தாள். "நான் சொல்ல மாட்டேம்மா. நாளைக்கு நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான். மூணுன்னா நான் ரெண்டாவது கோட் அடிச்சுட்டுப் போயிடறேன். ஆனா சுவர்ல பச்சத் தண்ணி அடிச்சாப் போதும், புதுப் பூச்சு எதுன்னு தெரிஞ்சுடும். அத மட்டும் ஞாபகத்துல வெச்சுக்குங்க."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டாக்டர் வந்தார். களைத்த மனிதர், வெயிலில் நடந்து வந்தவர். தம்பி அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தம்பி மனைவி தண்ணீர் கொடுத்தாள். சித்தி பிரஷ்ஷோடு மூலையில் நின்றாள். "வேலை முடியல, அவங்க பாட்டுக்கு இருப்பாங்க" என்றார் தம்பி.

டாக்டர் தேதி கேட்டார், ஆபரேட்டரம்மா சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், தடங்கல் இல்லாமல் கழித்தார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார், சொன்னார். அப்புறம் தாளைப் புரட்டிவிட்டு, "உங்க வீட்ல எத்தனை ரூம்?" என்றார்.

தம்பி அக்காவைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார், பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு வெளியிலிருந்து தைரியம் சொல்வது போல.

ஆபரேட்டரம்மா எழுந்தார். விரலைச் சுவரில் வைத்து முதல் பட்டையிலிருந்து நடந்தார். வாளியருகே வந்து குனிந்தார். "அக்கா, என்ன பண்றீங்க?" என்றார் தம்பி. அவர் பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி எடுத்து, எட்டிய உயரத்திலிருந்து கீழே இழுத்தார். மறுபடியும் முக்கினார். முதல் பட்டை, இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. புடவை முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. யாரும் தடுக்கவில்லை. பைத்தியம் என்று நிரூபணமாகிக்கொண்டிருக்கும்போது யார் தடுப்பார்கள்? முடிந்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்சம் இருங்க டாக்டர்" என்றார்.

எல்லாரும் ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மின்விசிறி சுற்றியது. முதல் பட்டை வெளிறத் தொடங்கியது. அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் ஓரங்கள் மட்டும் வெளிறின. நடுவில் கருத்த பச்சையில் ஒரு செவ்வகம் மட்டும் போகாமல் நின்றது. பக்கவாட்டுக் கோடு இரண்டும் நூல் பிடித்தது போல நேராக இருந்தன. தரையிலிருந்து எழுந்து ஓர் ஆள் உயரத்தையும் தாண்டியிருந்தது. அவர் கை எட்டாத இடத்துக்குச் சித்தி மூலையிலிருந்து வந்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். செவ்வகத்தின் தலைப்பகுதியும் மூடியது. அதற்கு மேலே தண்ணீர் நிற்கவில்லை.

கூடத்தில் ஒரு கதவு நின்றது. பிடி இல்லை, தாழ்ப்பாள் இல்லை. அதற்குப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

ஆபரேட்டரம்மா அந்த ஈரத்தின் மேல் மூன்று முறை தட்டினார். மெஷின் நின்றது.

"யாரு?" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. தம்பி மகளின் குரல்; அந்த அறைக்கு இப்போது வாசல் தம்பி வீட்டுப் பக்கம். சுவரின் அந்தப் பக்கம் அவளுக்கு அது வெறும் சுவர்தானே. குரலில் பயம் இருந்தது. "யாரு அங்க?"

"அத்தைடி" என்றார் ஆபரேட்டரம்மா.

தம்பி மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்று யாரிடமோ சொன்னாள்.

சித்தி இடுப்பிலிருந்த தாளை எடுத்து டாக்டரிடம் கொடுத்தாள். வேர்வையில் அது கசங்கியிருந்தது. அவர் மேலிருந்து கீழ் வரை படித்தார். அடியில் கையெழுத்தையும் பட்டத்தையும் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றார்.

"எங்க அக்கா மகன். கணக்குல பட்டம் வாங்கினவன்."

டாக்டர் தாளை மடித்துத் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். ஆபரேட்டரம்மாவைப் பார்த்தார். கேள்வியை மறுபடி கேட்கவில்லை. ஆபரேட்டரம்மாவே சொன்னார்.

"நாலு."

பிறகு தம்பியின் பக்கம் திரும்பி, சின்ன வயதில் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த குரலாக இருக்க வேண்டும், அந்தக் குரலில் கேட்டார்: "இப்ப நீ சொல்லுப்பா. எத்தனை?"

தம்பி ஈரக் கதவைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமோ வெட்கமோ எதுவும் இல்லை என்று சித்தி சொல்கிறாள். எப்போதும் இருந்த அதே அன்புதான் இருந்தது. அக்காவின் தோளைத் தொடக் கை வந்து, தொடாமல் நின்றது.

"மூணுதான்க்கா" என்றார். "எப்பவுமே மூணுதான்."

டாக்டர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"நீங்க உக்காருங்க" என்று தம்பியிடம் சொன்னார். "இன்னைக்கு என்ன தேதி?"